தேவஸ்ஸிக்குப் பொருந்திய கோட்டு

ஒல்லூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்கிற தேவஸ்ஸியைப் படைத்தபோது, உயரத்துக்கென்று எடுத்து வைத்த மண்ணையும் கடவுள் அகலத்திலேயே அப்பிவிட்டார். இதைச் சொல்வது தேவஸ்ஸியேதான். மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் தானே சொல்லிவிட்டால் வலி குறையும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நாற்பது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார், குறைந்தபாடில்லை.

நெஞ்சும் தோளும் சுமைதூக்கிக்கு இருக்கிற மாதிரி இருக்கும். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. கை இரண்டும் குட்டை. கடையில் தொங்குகிற சட்டையில் தோளுக்குச் சரியாக இருப்பதை எடுத்தால் பட்டன் எட்டாது. பட்டன் எட்டுகிற சட்டை முட்டியைத் தொடும், அதன் அரைக்கை மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே நிற்கும். திருச்சூர் ரவுண்டுக் கடைத்தெருவில் அவர் ஏறி இறங்காத ஜவுளிக்கடை இல்லை. "உங்க சைஸு வர்றதில்ல சேட்டா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவர் படியிறங்குகிற வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். சில கடைகளில் அந்த மரியாதையும் கிடையாது.

வேட்டி ஒன்றுதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது. அது ஆள் குட்டையா நெட்டையா என்று கேட்பதில்லை.

ஆனால் அவருடைய கல்யாணத்துக்கு வேட்டி செல்லவில்லை. மாப்பிள்ளை கோட்டுப் போட்டுத்தான் தேவாலயத்துக்கு வரவேண்டும் என்று பெண்வீட்டில் ஒரே பிடிவாதம். கடைசியில் பெண்ணின் அண்ணன் பவுலோஸ் தன்னுடைய கோட்டையே கொடுத்தான். பவுலோஸ் தென்னைமர உயரம். கோட்டுக் கையை உள்பக்கமாக மடித்து ஊக்குக் குத்தினார்கள். தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஊக்குத் திறந்துகொண்டு கையில் ஏறியது. மணப்பெண் த்ரேசியாவின் வெள்ளைப் புடவையில் ஒரு சொட்டு ரத்தம். அதற்கப்புறம் கோட்டுக் கை விரல்நுனிவரை இறங்கிவிட்டதால், போட்டோக்காரர் அவரை உட்காரவைத்து, மடியில் பெரிய பூச்செண்டைக் கொடுத்து இரண்டு கையையும் மறைத்தார். அந்தப் போட்டோ கூடத்தில் இருக்கிறது. அதன்மேல் தேவஸ்ஸி காலண்டர் மாட்டிவைத்திருக்கிறார். காலண்டர் மாற்றுகிற அன்று மட்டும் ஒரு நிமிஷம் வெளியே தெரியும்.

மகள் ஜின்சி அம்மாவைக் கொண்டு பிறந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குத் தேவஸ்ஸி சஃபாரி சூட்டு ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு போனார். குனிந்து நாற்காலியை இழுத்தபோது முதுகுத் தையல் விட்டுப்போயிற்று. பின்வரிசைப் பிள்ளைகள் "குட்டியானை, குட்டியானை" என்று கத்தினார்கள். அடுத்த வருடம் ஜின்சி மெதுவாகச் சொன்னாள்: "அப்பச்சா, உங்களுக்குக் கடை இருக்குமே. அம்மா மட்டும் வந்தாப் போதும்." அவ்வளவுதான் சொன்னாள், முகத்தில் கோபமோ சலிப்போ இல்லை. அதற்குப் பிறகு தேவஸ்ஸி அவளுடைய பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. நர்சிங் படித்த கல்லூரியையும் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அந்த வார்த்தை மட்டும் உள்ளே ஒரு ஓரத்தில் கிடந்தது.

திருச்சூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஜின்சி மஸ்கட் போனாள். அங்கேயே வேலையாயிருக்கிற சாலக்குடிப் பையன் ஒருவனோடு கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒரு நாள் பையனின் அம்மா போன் பண்ணினாள். பேசி முடித்துவிட்டு த்ரேசியா கூடத்துக்கு வந்தாள்.

"கேட்டீங்களா, பொண்ணை அப்பாதான் கைபிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டு வரணுமாம். வீடியோ எடுக்கறாங்களாம். ரெண்டு அப்பாக்களும் சூட்டுப் போடணும்னு கண்டிப்பா சொல்லிட்டா."

"நம்ம பக்கம் பொம்பளைங்கதானடி கூட்டிட்டு வருவாங்க?"

"இப்ப இதுதான் பழக்கமாம். அந்தம்மா மஸ்கட்லயே இருந்தவ. அவகிட்ட யாரு பேசறது?"

தேவஸ்ஸியின் கண் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்மேல் போயிற்று. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் தன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறாள். அவள் தலைகுனியாமல் நடக்க வேண்டும். தன்னைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. அந்த ஒரு பத்து நிமிஷம் கிடைத்தால் போதும், வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

ஜின்சி மஸ்கட்டிலிருந்து நல்ல கறுப்புத் துணி கொடுத்தனுப்பினாள். தேவஸ்ஸி அதைத் தூக்கிக்கொண்டு இனாசு மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் டேப்பைச் சுற்றிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சேட்டா, மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல மாஸ்டரே. இது விட்டதுக்கப்புறம்."

மாஸ்டர் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார். பிழை அவரிடம் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது என்பதால், அதற்கு முந்தின வாரங்களில் எல்லாத் தையல்கடையிலும் துணி மலையாகக் குவிந்திருக்கும், யாருக்கும் யாரிடமும் கேட்க நேரம் இருக்காது. ட்ரையலுக்குப் போன தேவஸ்ஸி கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கோட்டு முட்டிக்குக் கீழே தொங்கியது. முன்பக்க இரண்டு ஓரமும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கவே முடியாத தூரத்தில் நின்றன.

"மாஸ்டரே, இது யாருது?"

மாஸ்டர் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கேயிருந்து துணி வெட்டுகிற கட்டர் தலையை நீட்டினான்.

"சுற்றளவையும் நீளத்தையும் மாஸ்டர் மாத்தி எழுதிட்டாருன்னு நெனச்சேன் சேட்டா. அதான் நானே சரி பண்ணிட்டேன். மனுஷனுக்கு எங்கயாவது அப்படி ஒரு அளவு இருக்குமா?"

மாஸ்டர் அவனை அடிக்கக் கையை ஓங்கினார். தேவஸ்ஸிதான் தடுத்தார். அவன் சொன்னதில் என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. கால்சட்டை மட்டும் உருப்படியாக வந்திருந்தது. அதையும் பாழான கோட்டையும் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வேறு துணி எடுக்கலாம்தான். கல்யாணம் அடுத்த வாரம் என்றதும் எந்தத் தையல்காரரும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரம்தான் மாவு மில் லோனப்பன் இறந்துபோனார். அளவில் தேவஸ்ஸிக்கு ஊரில் ஒரே ஜோடி அவர். பின்னாலிருந்து பார்த்து ஒருத்தர் என்று இன்னொருத்தரைக் கூப்பிடாத ஆள் ஒல்லூரில் இல்லை. தேவஸ்ஸி கும்பிடப் போனார். பெட்டிக்குள் படுத்திருந்த லோனப்பனைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, டை. தோளில் ஒரு சுருக்கம் இல்லை, நெஞ்சில் ஒரு இழுப்பு இல்லை. கை சரியாக மணிக்கட்டில் நின்றது. உயிரோடு இருந்தபோது லோனப்பன் ஒருநாளாவது இவ்வளவு லட்சணமாக இருந்தாரா? கூடப் பழகினவன் செத்துக் கிடக்கிறான், நாம் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று தேவஸ்ஸிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த கையோடு, லோனப்பனுக்குப் பெட்டியும் உடுப்பும் கொடுத்த சவப்பெட்டிக் கடை வறுண்ணியிடம் போனார். அவர் கோட்டு என்று ஆரம்பித்ததுமே வறுண்ணி எழுந்து நின்றான்.

"வீட்ல யாருக்கு, சேட்டா?"

"எனக்குத்தான்."

வறுண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"எழவெடுத்தவனே, கல்யாணம்டா. மகளுக்கு."

வறுண்ணி உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் விரித்தான். சட்டை, டை, கோட்டு மூன்றும் ஒன்றாகத் தைத்திருந்தது. திருப்பினான். முதுகு இல்லை. இரண்டு பக்கமும் நாடாதான் தொங்கியது.

"எம்மாம் பெரிய உடம்பானாலும் பின்னால இழுத்துக் கட்டிடுவோம். கையை நெஞ்சுமேல மடிச்சு வைக்கறதால கை குட்டையாத்தான் தைப்போம். இடுப்புக்குக் கீழ போர்வையும் பூவும் மூடிடும், அதனால நீளமும் கம்மி. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் பிடிக்கலன்னு திரும்பி வந்ததில்ல சேட்டா."

அகலம் தாராளம், கை குட்டை, நீளம் குறைவு. தன்னை நினைத்துத் தைக்கிற ஒருவன் இந்த உலகத்தில் இருந்திருக்கிறான், ஐம்பத்தைந்து வருடமாகத் தெரியாமல் போயிற்றே என்று தேவஸ்ஸிக்குத் தோன்றியது.

பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கிற அன்னம், பாழான கோட்டுத் துணியை வெட்டி, வறுண்ணி கொடுத்த கோட்டுக்கு ஒரு முதுகு வைத்துக் கொடுத்தாள். துணி விறைப்பாக இருந்ததால் இரண்டு பக்கமும் தையல் புடைத்துக்கொண்டு நின்றது. கழுத்து நாடாவைப் பிரித்தால் காலர் சரிந்துவிடும் என்று அதை உள்ளே மடித்து விட்டுவிட்டாள். தேவஸ்ஸி போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணாடி அவரோடு சண்டைக்கு வரவில்லை.

"த்ரேசி, எப்படி இருக்கு?"

த்ரேசியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "கழட்டுங்க. நான் பார்க்க மாட்டேன்."

"முன்னாடி எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுடி."

"நல்லா இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு." அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலையில், வீட்டைவிட்டு இறங்குவதற்கு முன், பெண் பெரியவர்களைக் கைகூப்பி வணங்கி, ஸ்துதி சொல்லி ஆசீர்வாதம் வாங்க வேண்டும். பந்தலில் எல்லாரும் காத்திருந்தார்கள். ஜின்சி உள்ளறையில் முதலில் அப்பாவிடம் வந்தாள். தேவஸ்ஸி விறைத்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, சத்தியமாக இல்லை. ஸ்துதி சொல்லிவிட்டு அப்படியே அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கை முதுகில் புடைத்திருந்த தையலில் பட்டது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏறிக் கழுத்துக்குப் பின்னால் மடித்திருந்த நாடாவைத் தொட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மூன்று வருடத்தில் அந்த நாடாவை அவள் இறந்துபோன எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறாள்.

"அப்பச்சா, இதை எங்க வாங்கினீங்க?"

"ஏன்டி மோளே, சரியா இல்லையா?"

"ரொம்பச் சரியா இருக்கு." அவள் நாடாவை உள்ளே தள்ளிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "கழட்டிடுங்க. யாரும் பார்க்கறதுக்குள்ள கழட்டிடுங்க."

"பின்ன நான் எதைப் போட்டுட்டு உன்கூட வர்றது?"

அவள் ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தாள். பவுலோஸ் துபாய்க் கோட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் கூட்டிப்போவதும் தப்பில்லைதான்.

"உங்களை யாராவது ஏதாவது சொன்னா என்னால தாங்க முடியாது. பவுலோஸ் மாமா வரட்டும், அப்பச்சா."

ஐந்தாம் வகுப்பில் சொன்ன அதே மெதுவான குரல். அவளுக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் தேவஸ்ஸியே அடிக்கப் போவார். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. வெளியே நின்றிருந்தவர்கள் மகள் அழுவதைப் பார்த்து, பிரிகிற துக்கம் என்று தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தேவாலயத்தில் பவுலோஸ் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போனான். தேவஸ்ஸி வேட்டியும் ஜிப்பாவுமாகத் தூண் ஓரத்தில் நின்று பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வீடியோ விளக்கு மகளோடு நகர்ந்துபோயிற்று, அவர் பக்கம் யாருமே பார்க்கவில்லை.

ஜின்சியும் மாப்பிள்ளையும் மஸ்கட்டுக்கு விமானம் ஏறின மறுநாள், த்ரேசியா அந்தக் கோட்டைக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போனாள். எரித்துவிடலாம் என்று நினைப்பு. தேவஸ்ஸி அதைக் கையிலிருந்து வாங்கி, ஒரு பிளேடையும் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். அன்னம் தைத்த முதுகை ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"எதுக்கு இதைப் பிரிக்கிறீங்க?"

"முதுகு இருந்தா எப்படிடி எனக்கு மாட்டுவே? உடம்பு விறைச்சுப் போயிருக்கும். திறந்திருந்தாத்தான் சுலபம்."

"வாயைக் கழுவுங்க! என்ன பேச்சு இது?"

"கோபப்படாத த்ரேசி. எனக்கு அளவா இருக்கறது இது ஒண்ணுதான்." அவர் பிரித்த நூலை ஊதித் தள்ளினார். "அலமாரியில ரசகற்பூரம் போட்டு வை. அன்னைக்கு ஜின்சி வருவா இல்ல? சர்ச் வரைக்கும் என்கூட நடந்துதானே ஆகணும்."