கொழுந்தனார் மாட்டிய ஒயர்

மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். கருமத்தம்பட்டியில் எங்கள் வீதியில் காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். மாமனாருக்கு இளைப்பு, மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் இல்லாமல் பகல் நகராது. அதனால் என் கொழுந்தனார், கார் பேட்டரியில் மாட்டுகிற சின்ன இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வந்தார்.

“இதுல மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எல்லாமே ஓடுங்க அண்ணி.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. மேலே ஆயிரம் வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், தொடர்ந்து ஓட்ட ஐந்நூறுதான் என்றிருந்தது. எங்கள் மிக்ஸியே எழுநூற்றைம்பது.

“அதெல்லாம் சும்மா போடறதுங்க,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. ஃபேன், நெபுலைசர் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கரண்ட் நின்ற அன்று பேட்டரி வாசலில் இருந்தது, இன்வெர்ட்டர் மாமனாரின் கட்டிலருகே. நடுவில் நீளமாக ஒயர். அவர் மாஸ்க்கை வைத்துச் சற்று நேரத்தில் இன்வெர்ட்டர் பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. பிளாஸ்டிக் கருகும் வாடை. ஒயரைத் தொட்டேன், சுட்டது. உடனே அணைத்தேன். நெபுலைசரும் நின்றுபோனது.

“என்னாச்சு அம்மணி?”

“ஒன்னுமில்லைங்க மாமா,” என்று இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு மூச்சு சீராகும்வரை விசிறியால் வீசிக்கொண்டிருந்தேன். இந்தப் பெட்டியை வீட்டுக்குள் விட்டதே தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொழுந்தனார் வந்ததும் கேட்டேன். “ஏனுங்க தம்பி, இந்த ஒயரு பெட்டியோட வந்ததுங்களா?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வந்தது குட்டையா, தடியா இருந்துச்சுங்க. பேட்டரி ஊட்டுக்குள்ள வேண்டாம்னு நாந்தான் பழைய ஒயரை மாட்டிப்போட்டேன்.”

பேட்டரிக்கு வோல்ட் குறைவு, அதனால் கரண்ட் அதிகம் இழுக்கும்; அவ்வளவையும் அந்த மெல்லிய பழைய ஒயர்தான் தாங்கியிருக்கிறது. பெட்டியின்மேல் பிழையில்லை.

அன்று மதியமே தடி ஒயரை மாட்டி, பெட்டியையும் வாசலுக்குக் கொண்டுபோனார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மட்டும் உள்ளே இழுத்தார். மாமனார் மருந்தை முழுவதும் இழுத்து முடித்துவிட்டுத் தூங்கினார். நான் வாசலில் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னும் சந்தேகமுங்களா அண்ணி?”

“ஆமாங்க,” என்றேன்.