அத்தாவுக்காக எழுதிய சிவப்புச் சீட்டு

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ஏழு பேர். சரக்கு வண்டிகள் எங்கே போகின்றன என்று காட்டும் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கோயம்புத்தூர் பட்டறை, ஆலுவா ஹோட்டல் என்று அலைந்து அங்கே வந்து சேர்ந்தவன் நான். செயலியைத் தட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பதும் சுவரில் இருந்த வேலைப் பலகையைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

வேலையை இரண்டிரண்டு வாரத் தவணைகளாகப் பிரித்திருந்தோம்; ஒரு தவணைக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். அதற்கான வேலைகளை முதல் நாளே வெள்ளைச் சீட்டுகளில் எழுதி ஒட்டிவிடுவோம். நடுவில் வந்து விழும் எதற்கும், லீவு உட்பட, சிவப்புச் சீட்டு. ஒரு சிவப்பு ஏற வேண்டுமானால் ஒரு வெள்ளை இறங்க வேண்டும். அதனால் யார் சிவப்போடு வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: "அடுத்த ஸ்பிரிண்ட் வரைக்கும் தாங்குமா?" தாங்கும் என்றால் சீட்டு, அடுத்த ஸ்பிரிண்டுக்கென்று வைத்திருந்த டப்பாவுக்குள் போய்விடும்.

"ஹோட்டல்ல டோக்கன் குடுத்துக் காக்க வெச்ச ஆளில்ல, வேற என்ன கேப்பீங்க!" என்று சிரிப்பாள் எங்களோடு நிரல் எழுதிய பெண். பக்கத்துத் தெருவில் அப்பாவோடு தனியாக இருந்தவள்; அத்தா என்றுதான் அவரைச் சொல்வாள்.

ஒரு புதன்கிழமை அவளே சிவப்புச் சீட்டோடு வந்தாள். 'அத்தா, ஆஸ்பத்திரி, ஒரு நாள்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தாள்.

"நெஞ்சுல ஒரு பிடிப்பாம் அண்ணே. வாயுன்னு சொல்றாரு. நாளைக்கு எர்ணாகுளம் கூட்டிட்டுப் போகட்டா?"

அன்று காலைதான் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, தன் லாரிகளெல்லாம் வரைபடத்தில் கடலுக்குள் நிற்பதாகக் கத்தியிருந்தார். அதைச் சரிசெய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"திங்கக்கிழமை அடுத்த ஸ்பிரிண்ட். அதுவரைக்கும் தாங்குமா?"

கொஞ்சம் யோசித்தாள். "தாங்கும்னுதான் தோணுது. சாயா குடிச்சிட்டு நல்லாத்தான் உக்காந்திருக்காரு."

சீட்டை டப்பாவில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை லாரிகள் கரையேறின. வாடிக்கையாளர் நன்றி சொன்னார். சனிக்கிழமை காலை அவள் அத்தா குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல டப்பாவை மேசையில் கவிழ்த்தேன். அவள் சீட்டு மேலாகக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். நான் வாயெடுப்பதற்குள், "நான்தானே அண்ணே தாங்கும்னு சொன்னேன்," என்றாள். கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னது அவள்தான். கேட்டது நான்.

அதற்குப் பிறகு சிவப்புச் சீட்டோடு வந்தவர்களிடம் எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் ஒட்டினேன். மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.