பானுமதி மூச்சு வாங்கிய இடம்

வெந்நீரை எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்கிறார் சின்னராஜ். ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்புமுன் இது நடந்தே தீர வேண்டும். இத்தனைக்கும் மனிதர் வெந்நீர் குடிப்பவரே அல்ல. டீயையே ஆறவைத்துக் குடிக்கிற ஆள். பாட்டில் அவரோடு சபைக்குப் போகும், ஆராதனை முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அப்படியே வீட்டுக்குத் திரும்பி, ஆறிய தண்ணீர் வாசல் முருங்கைக்குப் போய்ச் சேரும். யாராவது கேட்டால், "கெடக்கட்டும் வுடுங்க, என்னா இப்போ" என்று நடையைக் கட்டிவிடுவார்.

மற்ற நாட்களில் அவரைப் பார்க்க வேண்டுமானால் பாலக்கோடு தக்காளி மண்டிக்குத்தான் போக வேண்டும். டிராக்டரிலும் டெம்போவிலும் வந்து இறங்கும் பழத்துக்கு ஏலம் கூறுகிறவர் அவர். பழம் அடுக்கிய பிளாஸ்டிக் கிரேடுகளுக்கு நடுவே நின்று, மூக்கின் நுனியில் கண்ணாடி, தோளில் துண்டு, தொண்டை கிழியக் கத்துவார். வருஷக்கணக்காகக் கத்திக் கத்திக் குரல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பேசினால் தகரத்தை ரோட்டில் இழுப்பதுபோல் இருக்கும்.

இந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் அவர் பைபிள் சங்கீதங்களுக்கு ராகம் போடுகிறார் என்றால் புது ஆட்கள் சிரித்துவிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான ராகங்கள். வேதத்தில் உள்ள சங்கீதத்தை எடுத்து, கூலி வேலைக்குப் போகிற பெண்களின் வாயில் நிற்கிற மாதிரி எளிய வார்த்தைகளாக்கி, காலிக் கிரேடைத் தட்டித் தட்டி ஒரு மெட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். பாட வராதே, என்ன செய்வது? சீட்டியடிப்பார். "சங்கீதத்தைப் போயி சீட்டியடிக்கிறாரே" என்று பழைய பாஸ்டர் ஒருவர் முகம் சுளித்ததுண்டு. "சங்கீதம் எழுதுன தாவீது ராசாவே ஆடு மேய்ச்சவருங்க ஐயா, அவரு சீட்டியடிக்காமயா இருந்திருப்பாரு?" என்றாராம் இவர்.

சீட்டிக்குக் குரல் கொடுத்தது அவர் மனைவி பானுமதி. இவர் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து சீட்டியடிக்க, அவள் காய் நறுக்கிக்கொண்டே அதைப் பாடிப் பார்ப்பாள். "இது வாயில நிக்காதுங்க, வேற போடுங்க" என்று தயவு தாட்சண்யம் இல்லாமல் தள்ளியும் விடுவாள். அவள் ஒரே மூச்சில் பாட முடிவது எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு வரியின் நீளம். வேறு கணக்கு அவரிடம் கிடையாது.

அவர்கள் சபையில் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடுகிறவர்கள் சொற்பம். பானுமதி ஒரு வரி பாடுவாள், சபை அதை அப்படியே திருப்பிப் பாடும். ஒரு சுழிப்பு, ஒரு இழுப்பு விடாமல் பிடித்துக்கொள்வார்கள். "நான் தும்முனாக்கூட திருப்பித் தும்முவாங்க" என்று பானுமதி கேலி செய்வாள்.

பிறகு அவளுக்கு இளைப்பு வந்தது. சாதாரணச் சளி என்றுதான் நினைத்தார்கள். தர்மபுரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, இனிமேல் பாடுவதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சின்னராஜுக்கு அப்போது கையில் ஒரு புது ராகம் இருந்தது. ஆழத்திலிருந்து கடவுளைக் கூப்பிடுகிற அந்தச் சங்கீதம். பெரிய வெள்ளிக்கென்று போட்டது.

"கீபோர்டு பிரபாகர் பாடிக்கட்டும். நீ சும்மா கெட" என்றார்.

"நீங்க சீட்டியடிச்சது எங் காதுலதாங்க இருக்குது. அவன் காதுல இல்லியே" என்றாள் அவள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பெரிய வெள்ளியன்று வெந்நீர் பாட்டிலோடு ஆண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்துகொண்டார் சின்னராஜ். நடுவில் நடைபாதை, அந்தப் பக்கம் பெண்கள் வரிசையின் ஓரத்தில் பானுமதி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "விடியலைப் பார்க்கும் காவல்காரன்போல் என் உயிர் உம்மைப் பார்த்திருக்கும்" என்று ஒரு வரி. "என் உயிர்" வரைக்கும் வந்தாள். அதற்குமேல் மூச்சு இல்லை. ஒரு இழுப்பு, ஒரு திணறல். இவர் பாட்டிலின் மூடியைத் திறந்து கையை நீட்ட, வாங்கி ஒரு மடக்கு குடித்து, மிச்சத்தைப் பாடி முடித்தாள்.

சபை அதைத் திருப்பிப் பாடியது. "என் உயிர்" என்று பாடி நிறுத்தியது. அத்தனை பேரும் நெஞ்சை உள்ளே இழுத்து ஒரு மூச்சு வாங்கினார்கள். பிறகுதான் மிச்ச வரியைப் பாடினார்கள். பாவம், அதுதான் ராகம் என்று நினைத்துக்கொண்டார்கள். சின்னராஜ் கையிலிருந்த மூடியைப் பாட்டிலில் திருகவே மறந்துபோனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பானுமதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சொன்னனா இல்லியா? தும்முனாக்கூட திருப்பித் தும்முவாங்கன்னு!" சிரித்ததிலேயே இளைப்பு வந்து, சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மழைக்காலம் பிறக்குமுன் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போனாள், பாட்டு தங்கிவிட்டது. வாராவாரம் அதைக் கேட்டு வாங்கிப் பாடினார்கள். மாரண்டஅள்ளியிலிருந்து வந்த ஒருவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த எடத்துல நிறுத்திப் புடிச்சீங்க பாருங்க, அப்பா! ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க" என்றார். சின்னராஜ் தலையைத் தலையை ஆட்டினார்.

கடைசியில் பிரபாகரிடம்தான் வாய்விட்டார். "வாராவாரம் ஊரே சேந்து மூச்சுத் திணறுதுடா பிரபாகரு. அவ போனது ஒரு நாளுதான். நான் ஞாயித்துக்கு ஞாயிறு பாத்துக்கினு கெடக்கறன். என்னால முடியல."

"அதுக்கென்னாண்ணா, திருத்திப்புடலாம்" என்றான் பிரபாகர்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையை உட்காரவைத்து, காவல்காரன் வரியை மாற்றிப் பாட வேண்டும் என்றார்கள். பெண்கள் வரிசையில் மூத்தவளான சின்னக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பானுமதி பாடுனதத்தான நாங்க பாடறோம்? அதுல என்னா குத்தம் கண்டுபுட்ட நீ?"

"அது ராகமில்லக்கா" என்றார் சின்னராஜ். "அவளுக்கு மூச்சு வரல. அவ்ளோதான்."

சின்னக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

சின்னராஜ் எழுந்து நின்று உதட்டைக் குவித்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பானுமதி போனபிறகு அவர் சீட்டியடித்ததே இல்லை. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். அந்த வரியை நிறுத்தாமல், அவர் முதன்முதலில் அடுப்பங்கரை வாசலில் போட்ட மாதிரியே, முழுசாக அடித்துக் காட்டினார். சபை திருப்பிப் பாடியது. பழக்கதோஷத்தில் இரண்டொரு முறை தடுக்கிவிட்டு, பிறகு சரியாகப் பிடித்துக்கொண்டது. பிடித்தால் விடாத சபை அல்லவா? "இப்போ சரியா தம்பி?" என்று கேட்டாள் சின்னக்கா. சரி என்று தலையாட்டினார்.

அன்று இரவு நன்றாகத் தூங்கியதாக மண்டியில் சொல்லிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க ஏலத்தில் உற்சாகமாகவே கத்தினார். அடுத்த ஞாயிறும் வெந்நீர் போட்டார். பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பிரபாகர் கீபோர்டில் தொடங்கினான். இப்போது வரியை எடுத்துக் கொடுப்பது சின்னக்கா. காவல்காரன் வரி வந்தது. "என் உயிர்" என்ற இடத்தில் சபை நிற்கவில்லை. ஒரு தடங்கலும் இல்லாமல் அடுத்த சொல்லுக்குப் போய், அதற்கடுத்த வரிக்கும் போய்விட்டது.

சின்னராஜ் மட்டும் பாட்டிலின் மூடியைத் திறந்து, நடைபாதைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.