மின்மினி மரத்தில் ஏழாம் பாட்டு

நெற்றி நிறையத் திருநீறு பூசி, அந்தி தவறாமல் பதிகம் ஓதுகிற ஒருத்தி மாயமந்திரம் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படிப்பட்டவள் அல்லள். பதிகம் பாடியதும் கதவு திறந்தது என்று யாராவது சொன்னால் கைகூப்புவேன்; ஆனால் என் வீட்டுக் கதவைச் சாவி போட்டுத்தான் திறப்பேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இறைவனை வணங்குவது வேறு, இல்லாததைக் கண்டேன் என்பது வேறு என்று இத்தனை வயதுவரை உறுதியாக இருந்தேன். ஆகவே இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

ஓய்வுக்குப் பிறகு மகளோடு இருக்கலாம் என்று கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், வெப்பமண்டலச் சூழலியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன். வகுப்பிலிருந்த எவருக்கும் என் வயதில் பாதிகூட இராது. காலுறைக்குள் ஏறும் அட்டை, மழைக்குப் பின் காடு விடும் மூச்சு, ஒற்றைக் கிளையில் குடியிருக்கும் நூறு உயிர்கள் என எதைக் கண்டாலும் எனக்கு உள்ளம் பூரித்தது. படைத்தவனைப் பாடியே பழகியவளுக்குப் படைப்பை அருகிலிருந்து பார்க்க வாய்த்தால் வேறென்ன செய்யும்?

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது மின்மினி. காப்பார் என்ற ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால், கடலை நோக்கிப் போகும் சிற்றாறு ஒன்று உண்டு. அதன் இரு கரைகளிலும் நிற்கும் பெரெம்பாங் என்னும் சதுப்புநில மரங்களில் இருட்டத் தொடங்கியதும் மின்மினிகள் வந்தமரும். ஒரு மரத்தில் இருப்பவை அனைத்தும் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணையும். அந்தக் கரைநிலத்தை ஓர் இறால் பண்ணை முதலாளி வாங்கியிருந்தார். மின்மினி இருப்பதைக் காட்டினால் மரங்களை விட்டுவைப்பதாகவும், இல்லையென்றால் வெட்டிவிட்டுக் குளம் தோண்டப்போவதாகவும் எங்கள் பேராசிரியரிடம் சொல்லிவிட்டார். நாங்களும் பலமுறை போய்ப் பார்த்துவிட்டோம். ஒரு தடவைகூட ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. முதலாளி கொடுத்த தவணையின் கடைசி மாலையும் வந்தது.

படகில் நாங்கள் மூவர். கிள்ளானில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண் ஸ்டெல்லா என் வகுப்புத் தோழி. கேமராவை அவள் பார்த்துக்கொண்டாள். படகோட்டி குணா காப்பாரில் மீன் பிடிப்பவர்.

"கெலிப்-கெலிப் எல்லாம் ஓடிப்போச்சு லா அம்மா. நாளைக்குத் தவுக்கே லோரி அனுப்பிருவாரு. நீங்க சும்மா கொசுவுக்குச் சாப்பாடு போடுறீங்க" என்றார் அவர், சிகரெட்டைப் பற்றவைத்தபடி. அங்கே கெலிப்-கெலிப் என்றால் மின்மினி, தவுக்கே என்றால் முதலாளி.

"அண்ணே, அத கொஞ்சம் தூக்கிப் புடிங்க. ஒரு மின்மினி பார்த்தோம்னு எழுதிக்கிறோம்" என்றாள் ஸ்டெல்லா.

நான் சிரிக்கவில்லை. மறுநாள் கோடரி விழப்போகும் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நான் ஓதும் வேளை. ஆகவே மெல்லப் பதிகத்தைத் தொடங்கினேன். எங்கள் ஊர்க் குழுவில் ஒருவர் அடியின் முன்பாதியைப் பாடி நிறுத்துவார், மற்றவர்கள் பின்பாதியைப் பாடி முடிப்பார்கள். தனியே பாடும்போதும் பழக்கத்தால் அந்தப் பின்பாதிக்கு இடம் விட்டுவிடுவேன். அன்றும் முன்பாதியைப் பாடி நிறுத்தினேன்.

நிறுத்திய அந்த இடத்தில் இடக்கரை மரம் ஒளிர்ந்தது.

அது மின்மினிகளின் வழக்கமான படபடப்பு அல்ல. நீண்டும் குறுகியும், நான் பாடாமல் விட்ட பின்பாதியின் சீர்கள் எப்படி விழுமோ அப்படியே ஒளி விழுந்து அணைந்தது. தற்செயல் என்று எண்ணி அடுத்த அடியைப் பாடினேன். இம்முறை வலக்கரையும் சேர்ந்துகொண்டது. மின்மினிக்குக் காது கிடையாது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய செய்தி அது. என்றாலும் என் குரல் நடுங்கவில்லை, துள்ளியது. ஒவ்வோர் அடிக்கும் ஆறு முழுவதும் பொன்னாக எழுந்து அடங்கியது. குணா சிகரெட்டை ஆற்றில் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஸ்டெல்லா என் தோளை இறுகப் பிடித்து, "ஆன்டி, நிறுத்தாதீங்க" என்றாள்.

ஆறாம் பாட்டு முடிந்தது. அந்தப் பதிகத்தில் ஏழாம் பாட்டு கிடையாது. என்றோ ஓலையோடு கரையான் தின்றுவிட்டது. ஆறு முடிந்ததும் எட்டுக்குப் போவதே ஓதுகிறவர்கள் வழக்கம். எட்டைத் தொடங்க நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் மரங்கள் தாமாகவே ஒளிரத் தொடங்கின.

நான் வாய் திறக்கவில்லை. முன்பாதிக்கு இடக்கரை ஒளிர, பின்பாதிக்கு வலக்கரை ஒளிர்ந்தது. அதே யாப்பு, அதே நடை. ஓர் அடி, இரண்டடி, மூன்றடி. தொலைந்துபோன பாட்டு என் கண்முன் போய்க்கொண்டிருந்தது. சொல் மட்டும் இல்லை. கடைசியான நான்காம் அடியின் முன்பாதிக்கு ஒளிர்ந்து இடக்கரை அணைந்தது. வலக்கரை ஒளிரவில்லை. இரு பக்கமும் இருட்டு. படகில் தண்ணீர் மோதும் ஓசை மட்டும்.

நான் முடிக்க வேண்டும் என்று காத்திருக்கின்றன என்பது எனக்கு விளங்கியது. எங்கள் குழுவில் யாராவது அடியை மறந்தால் மற்றவர்கள் இப்படித்தான் பேசாமல் காத்திருப்பார்கள். எதைப் பாடுவேன்? இல்லாத சொல்லை எங்கிருந்து எடுப்பேன்? வேறு வழியின்றி எட்டாம் பாட்டைத் தொடங்கினேன். ஒளி வரவில்லை. குணா படகைத் திருப்பிய பிறகுதான் மரங்கள் மீண்டும் மினுங்கின. இப்போது எல்லா மின்மினிகளையும் போலப் படபடவென்று.

காணொளியில் எல்லாம் பதிவாகியிருந்தது. முதலாளி பார்த்தார், சொன்ன சொல் காத்தார். மரங்கள் இன்றும் நிற்கின்றன. படகின் ஆட்டம், காற்று, ஈரப்பதம் என்று பேராசிரியர் ஏதேதோ காரணம் சொன்னார். மின்மினிகள் காணப்பட்டன என்று மட்டும் ஆய்வில் எழுதினேன். மரங்கள் ஒளிர்ந்தது தொலைந்த ஏழாம் பாட்டு என்பதை ஸ்டெல்லாவிடமும் சொல்லவில்லை, குணாவிடமும் சொல்லவில்லை.

சென்ற வாரம் குணா கைப்பேசியில் அழைத்தார். இப்போது சுற்றுப்பயணிகள் வருகிறார்களாம், நல்ல கூட்டமாம். பிறகு சொன்னார்: "ஒன்னு சொல்லணும் அம்மா. டெய்லி ஒரு வாட்டி எல்லாம் கப்புனு அணைஞ்சிருது. அப்புறம் லெஃப்ட் சைடு மட்டும் மெதுவா எரிஞ்சு அணையுது. ரைட் சைடு எரியவே இல்ல. யாருக்கோ வெயிட் பண்ற மாதிரியே இருக்கு லா. நீங்க ஒருக்கா வந்து பாருங்களேன்."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போகவேண்டும் என்று கால் துடிக்கிறது. போய் என்ன பாடுவேன்?