நகரக் கூடாத குதிரை

அந்த ஆட்டத்தில் நான் எப்படி ஜெயித்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை. அதனால்தான் மறுநாள் அதைத் திரும்ப ஆடிப் பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் எங்கள் சதுரங்க மன்றப் போட்டியின் கடைசிச் சுற்று அது. ஜெயிப்பவருக்கு சேலம் போகும் அணியில் இடம். எதிரில் ஆடியவர் உக்கடத்தில் பூட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய்.

ஆட்டத்தின்போது நகர்த்தல்களை எழுதிவைத்த குறிப்புத் தாளைப் பார்த்து ஒவ்வொரு காயாக நகர்த்தினேன். இருபத்து மூன்றாவது நகர்த்தலில் கை நின்றுவிட்டது. என் ராஜாவுக்கும் அவருடைய ராணிக்கும் நடுவே மறைப்பாக நின்றது என் குதிரை. அதை நகர்த்தினால் ராஜாவுக்கு செக். விதிப்படி நகர்த்தவே கூடாது. அதைத் தூக்கி வைத்துத்தான் ஜெயித்திருந்தேன். இருவருமே கவனிக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சேலம் போய் ஆடிவிட்டும் வந்தேன். ஒரு மாதம் கழித்து, மனசு கேட்காமல், தாளோடு அவர் கடைக்குப் போனேன்.

"பாய், அந்தக் குதிரை..."

"தெரியுமுங்க சார். அன்னைக்கே ஊட்ல ஆடிப் பாத்துப்போட்டனுங்க."

"அப்புறம் ஏன் சொல்லலீங்க?"

"தோத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டாச்சு. அப்புறம் வந்து சொன்னா அழுகுணி ஆட்டம்னு நீங்களே சிரிப்பீங்க. நீங்களும் ஆடிப் பாப்பீங்கன்னு தெரியுமுங்க. சேலம் போறதுக்கு முன்னாடி வருவீங்கன்னு இருந்தனுங்க."

பூட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பலகையை வைத்தார். குதிரை நகர்வதற்கு முந்தைய நிலையை நினைவிலிருந்தே அடுக்கினார்.

"இப்ப ஆடுங்க சார்."

பத்தே நகர்த்தலில் தோற்றேன். அவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

இப்போதும் அந்தத் தாளை எடுத்து, குதிரையைத் தொடாமல் ஜெயிக்க வழி உண்டா என்று தேடுகிறேன். இதுவரை அகப்படவில்லை.