கேதீஸ்வரி ரீச்சரின் திறப்பு

நெடுந்தீவில் கேதீஸ்வரி ரீச்சரின் வகுப்பைப்போல அடங்கிய வகுப்பு வேறு இல்லை என்று அதிபரே பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். மூன்றாந்தரத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள். பாடம் நடக்கையில் ஒன்றும் எழும்பி, வெளியே போகட்டோ என்று கேட்காது. கேட்டுப் பலனில்லை என்று அவர்களுக்குத் தெரியும். மலசலகூடப் பூட்டின் திறப்பு ரீச்சரின் இடக்கை வளையலில் ஒரு சிவப்பு நூலில் தொங்கும். இடைவேளை மணி அடித்தால்தான் அந்த முடிச்சு அவிழும்.

அந்தப் பூட்டை வீம்புக்குப் போட்டதென்று நினைக்கவேண்டாம். கதவு திறந்து கிடந்தால் கட்டாக்காலி மாடுகள் வெயிலுக்கு ஒதுங்க உள்ளே போய் நின்று சாணி போட்டுவிடும். ஆடு புகுந்தால் தண்ணீர் வாளி கவிழும். கிணற்றடியிலிருந்து அந்த வாளியைத் தூக்கி வருவது கேதீஸ்வரிதான், கழுவுவதும் அவள்தான். ஆகவே ஆறு வருடத்துக்கு முன் பூட்டினாள். பூட்டியபின் ஓர் ஒழுங்கு வந்தது. கொஞ்ச நாளில் அந்த ஒழுங்கே பெருமையாகிவிட்டது. பெருமை வந்த இடத்தில் யோசனைக்கு என்ன வேலை?

அடக்கி வைத்திருப்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன காரியம். யாழ்ப்பாணம் போவதென்றால் மாவிலித்துறையில் படகேறி, ஒரு மணித்தியாலம் அலைபட்டு, குறிகட்டுவானில் இறங்கி, பிறகு பஸ்ஸில் நெரிபட வேண்டும். வழியில் பொம்பிளைப் பிள்ளைகள் ஒதுங்க இடம் ஏது? அதனால் படகேறும் நாளில் கேதீஸ்வரியின் தாய் விடிய ஒரு மிடறு தேத்தண்ணியும் கொடுக்கமாட்டா. தீவுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் இன்றைக்கும் அப்படித்தான் பயணம் போகிறார்கள். பத்து வயதிலேயே கேதீஸ்வரி போகவர முழுப் பகலும் அடக்கிக்கொண்டிருப்பாள். தன்னால் முடிந்தது எல்லாப் பிள்ளைக்கும் முடியும் என்று அவள் மனதார நம்பினாள்.

தர்சனா அவளுக்கு ஒரே பிள்ளை. எட்டு வயது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாந்தரம் ஒன்றே ஒன்றுதான், ஆகவே அந்த ஆண்டு தாயின் வகுப்பிலேயே வந்து இருக்கவேண்டியதாயிற்று. தன் பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்று யாரும் நாக்குமேல் பல்லுப் போட்டுச் சொல்லிவிடக்கூடாதே என்று கேதீஸ்வரிக்குப் பயம். முதல் நாளே பள்ளிக்கூட வாசல் படலையில் வைத்துச் சட்டம் போட்டாள்.

"இதுக்கு உள்ள நான் உனக்கு அம்மா இல்லை, ரீச்சர். விளங்கிச்சோ?"

பிள்ளை ஓமென்று தலையாட்டியது. அன்று தொடக்கம் வகுப்பில் தாயைக் கூப்பிட ரீச்சர் என்ற சொல்லைத் தவிர வேறு சொல் அதன் வாயில் வரவில்லை.

சித்திரை விடுமுறை முடிந்த கையோடு பிள்ளையின் உள்ளுடுப்பில் கறை காணத் தொடங்கியது. தண்ணீராய், நாளுக்கு இரண்டு மூன்று தரம். வயிற்றோட்டம் என்று கேதீஸ்வரி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பப்பாசிப்பழத்தையும் கீரையையும் நிறுத்தினாள். தண்ணீரைக் குறைத்தாள். மாதுளங்கோதை, அந்தக் காய்ந்த தோலை, அவித்துக் கொடுத்தாள், கடுஞ்சாயத் தேத்தண்ணிக்குள் தேசிக்காய் பிழிந்து கொடுத்தாள். ஊரில் எல்லாரும் வயிற்றோட்டத்துக்குச் செய்வதுதான். புருஷன் தயாபரனுக்கு யாழ்ப்பாணத்தில் கந்தோர் வேலை, வெள்ளிக்கிழமைகளில்தான் வீடு வருவான். "ஒருக்கால் ஆஸ்பத்திரியில காட்டுவமே" என்று கேட்டான். "நீங்கள் சும்மா இருங்கோ, இதுவும் எனக்குத் தெரியாதே" என்று அவன் வாயை அடைத்தாள்.

கறை நிற்கவில்லை. பிள்ளை சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பியது, வயிறு மட்டும் ஊதிக்கொண்டு நின்றது. கனடாவில் இருக்கும் கேதீஸ்வரியின் அண்ணை வீட்டோடு சேர்த்துப் புதுக் கக்கூசு கட்டுவித்துக் கொமட்டும் வைத்திருந்தார். அதில் பிள்ளை காலைத் தொங்கப் போட்டபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "வரேல்லை அம்மா" என்று இறங்கிவிடும். கால்மணி நேரத்தில் உள்ளுடுப்பு நாறும். இது சோம்பல், இது வேண்டுமென்று செய்கிற வேலை என்று கேதீஸ்வரி நினைத்தாள். கிணற்றடியில் இருத்தி அந்த உள்ளுடுப்பைப் பிள்ளையைக் கொண்டே தோய்ப்பித்தாள். இரண்டு தரம் அடித்துமிருக்கிறாள். அதை அவள் யாருக்கும் சொல்வதில்லை.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. அன்று கல்வி வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு ஒருவரும் வரவில்லை, பரீட்சை இல்லை, சாட்டுச் சொல்ல ஒன்றுமே இல்லை. கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. தர்சனா எழும்பி மேசையடிக்கு வந்தாள். கால் இரண்டையும் பின்னிக்கொண்டு நின்றாள், மேலுதடு வேர்த்திருந்தது.

"ரீச்சர், போகட்டோ?"

கேதீஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"மணி அடிக்கட்டும். நீர் போய் இரும்."

பிள்ளை போய் இருந்தது. மணி அடிக்குமுன் வகுப்பில் நாற்றம் பரவியது. முன்வாங்கில் ஒன்று மூக்கைப் பொத்தியது, பார்த்திருந்த மற்றவையும் பொத்தின. எங்கோ ஒரு சிரிப்பு. கேதீஸ்வரிக்கு வெட்கம் தலைக்கேறியது. "வீட்டை போம்" என்றாள். கூடப் போகவில்லை. யன்னலால் பார்த்தால் கல்வேலிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கை முழுவதும் தெரியும். பிள்ளை புத்தகப் பையைப் பின்பக்கம் பிடித்து மறைத்துக்கொண்டு நடந்தது. சைக்கிளில் யாரோ வந்தபோது வேலியோடு முதுகை ஒட்டி, சைக்கிள் கடக்கும்வரை அப்படியே நின்றது. கேதீஸ்வரி கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த கணக்கை எழுதினாள்.

அன்று பின்னேரம் அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, பிள்ளை வாசலில் வந்து நின்று, "ரீச்சர், போகட்டோ?" என்றது. வாய் தவறிச் சொல்கிறது என்று நினைத்து, தலையை நிமிர்த்தாமலே "ம்" என்றாள்.

இரண்டு கிழமை கழித்துப் பிள்ளை சாப்பிட்டதைச் சத்தியெடுத்தபோதுதான் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தந்தார். படகேறின அன்றும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. பழக்கம்! அங்கே எக்ஸ்ரே எடுத்து, மருந்துப் பாணி எழுதி, தொழில்வழிச் சிகிச்சைப் பகுதிக்குப் போகச் சொன்னார்கள். கை கால் ஏலாதவர்களுக்கு வேலை பழக்கும் இடம் என்றுதான் கேதீஸ்வரி அதை நினைத்திருந்தாள். நாங்கள் என்னத்துக்கு இங்கே என்று முகம் சுளித்துக்கொண்டு போனாள்.

பவதாரணி என்று ஓர் இளம்பெண் இருந்தாள், முப்பது வயது வராது. "கக்கூசுக்குப் போறதும் பிள்ளையளுக்கு ஒரு வேலைதான் அக்கா, சாப்பிடுறது உடுக்கிறது மாதிரி. அந்த வேலையில இவ களைச்சுப் போனா" என்று சிரித்தாள். பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"இது வயித்தோட்டம் இல்லை அக்கா. உள்ளுக்கு இறுகிப்போய் அடைச்சுக்கொண்டு நிக்குது. பக்கத்தால கசியிறதைத்தான் நீங்கள் கண்டனீங்கள். கன நாள் அடைச்சு நிண்டதால குடல் இழுபட்டு, வாறது பிள்ளைக்குத் தெரியாமலே வரும். வேணுமெண்டு செய்யிறேல்லை."

கேதீஸ்வரிக்கு மாதுளங்கோது ஞாபகம் வந்தது. இறுகிக் கிடந்ததை இறுக்குவதற்கே மருந்து கொடுத்திருக்கிறாள்.

பவதாரணி பிள்ளையை ஒரு கதிரையில் இருத்தி, காலைத் தொங்கவிட்டு முக்கச் சொன்னாள். பிறகு காலடியில் ஒரு பலகைக்கட்டையை வைத்து, முன்னுக்குக் குனியச் செய்து, கோப்பைத் தண்ணீருக்குள் குழாயால் ஊதச் சொன்னாள். குமிழி குமிழியாய் வந்தது. தர்சனா சிரித்தாள். மகள் சிரித்துக் கண்டு எத்தனை நாளென்று கேதீஸ்வரியால் கணக்குப் பார்க்க முடியவில்லை.

"அடக்கி அடக்கிப் பழகின தசை. இப்ப விடச் சொன்னாலும் அதுக்கு விடத் தெரியேல்லை. ஊதேக்க தானாய்த் தளரும். சாப்பிட்ட உடனே பத்து நிமிசம், காலுக்குக் கட்டை, நல்லாத் தண்ணி. பேச்சும் இல்லை அடியும் இல்லை. சரியோ அக்கா?" பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்தாள். "பள்ளிக்கூடத்தில கேட்டால் விடுவினமோ? ரீச்சர் ஏசுவாவோ?"

தர்சனா தாயைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு தெளிவாகச் சொன்னாள்:

"இல்லை மிஸ். எங்கட ரீச்சர் நல்லவ. கேட்டால் விடுவா."

கேதீஸ்வரி வாய் திறந்திருக்கலாம். நான்தான் அந்த ரீச்சர் என்று நாலு சொல் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? சேலைத்தலைப்பை இழுத்துச் செருகினாள். எதற்கும் இருக்கட்டும் என்று பவதாரணி வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாள். இந்தப் பிள்ளை எப்போது கேட்டாலும், காரணம் விசாரிக்காமல், மற்றவர் முன்னிலையில் வெட்கப்படுத்தாமல் அனுப்பி உதவவும். மடித்துத் தந்தாள். தனக்கு வந்த கடிதத்தைக் கேதீஸ்வரி இரண்டு கையாலும் வாங்கி, படகில் வரும்வழி முழுவதும் மடியில் வைத்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் இருந்து போத்தல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தது. இறங்குதுறைக்கு வரமுன்னே அடக்கமாட்டாமல் பிள்ளையின் பாவாடை நனைந்துவிட்டது. கேதீஸ்வரி தன் சால்வையால் சுற்றி, வாழ்க்கையில் முதல்தரமாக ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை பூட்டைக் கழற்றி எறிந்தாள். மாடு தள்ளித் திறக்கமுடியாதபடி கதவுக்கு உயரத்தில் ஒரு கொளுக்கி அடித்து, பிள்ளைகள் ஏறி எட்டுவதற்குக் கீழே ஒரு கல்லும் வைத்தாள். அரைமணி நேர வேலை. இதை ஆறு வருடத்துக்கு முன்னரே செய்திருக்கலாமே என்ற எண்ணம், ஆணி அடிக்கும்போது அவளைப் போட்டு வதைத்தது. இந்த ஆறு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் காலைப் பின்னிக்கொண்டு இருந்திருக்கும்? ஒன்றும் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. அவள் வகுப்பு அவ்வளவு அடக்கம்.

அடுத்த மாதம் போனபோது பவதாரணி கேட்டாள். "கடிதத்தை ரீச்சரிட்டக் குடுத்தனீங்களோ அக்கா?"

"ஓம், குடுத்திட்டன்."

"என்ன சொன்னவ?"

"அழுதவ" என்றாள் கேதீஸ்வரி.

பவதாரணி நிமிர்ந்து தாயைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டே சொன்னாள். "அந்த ரீச்சரிட்டச் சொல்லுங்கோ அக்கா, தெரியாமல் செய்ததுதானே எண்டு. கன பேருக்குத் தெரியாது."

அந்தச் சொல்லைக் கேதீஸ்வரி எத்தனையோ நாள் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மாதுளங்கோது தெரியாமல் செய்தது, ஒத்துக்கொள்ளலாம். கொமட்டில் கால் தொங்கினால் கூடாதென்றும் தெரியாது. ஆனால் அந்தப் புதன்கிழமை? பின்னிய காலைக் கண்டாள். வேர்த்த உதட்டைக் கண்டாள். திறப்பு அவள் கையில்தான் இருந்தது. அது தெரியாமல் செய்ததில்லை.

பிள்ளைக்குச் சுகம் வந்தது. ஒரே நாளில் அல்ல. பாணியும் பலகைக்கட்டையும் குமிழி ஊதலுமாய், முன்னுக்கும் பின்னுக்குமாய் எட்டு மாதம் எடுத்தது. இப்போது கறை இல்லை, வயிறு தட்டையாய் இருக்கிறது, பப்பாசிப்பழம் கேட்டுச் சாப்பிடுகிறாள். நான்காந்தரத்தில் சில்வெஸ்ரர் சேர் படிப்பிக்கிறார். "உங்கட மகள் கையை உயர்த்திக் கேட்டுப்போட்டுத் துள்ளிக்கொண்டெல்லோ போறவள்" என்று அவர் சொன்ன அன்று கேதீஸ்வரி ஆசிரியர் அறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தர்சனா இப்போது அவள் வகுப்பில் இல்லை. ரீச்சர் என்று கூப்பிடவேண்டிய தேவையும் இல்லை. வீட்டில், அம்மா சோறு போடுங்கோ, அம்மா தலை இழுத்துப் பின்னிவிடுங்கோ, அம்மா இந்தப் பேனை எழுதுதில்லை என்று நாள் முழுக்க அம்மாதான்.

ஒரு காரியத்துக்கு மட்டும் அம்மா இல்லை. நேற்றும் பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றாள். வீட்டுக் கக்கூசுக்கு என்றைக்கும் பூட்டு இருந்ததில்லை. கதவு திறந்துதான் கிடந்தது.

"ரீச்சர், போகட்டோ?"

கேதீஸ்வரி வழக்கம்போல அடுப்பைத் தணித்துவிட்டு, கிட்டப் போய்க் குந்தி, "கேக்கத் தேவையில்லைக் குஞ்சு, நான் அம்மா, நீ போ" என்றாள். பிள்ளை வழக்கம்போல ஓமென்று தலையாட்டிவிட்டு, அவள் போகச் சொன்னபிறகுதான் போனது.