உமி அடைத்த வண்டி

சிரம்பான் பசார் முனையில் ஒருவன் புதிதாக வண்டி போட்டிருக்கிறான். நீட்டு ரொட்டியைப் பிளந்து, நடுவில் சாசேஜ் வைத்து, மேலே சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ பிழிந்து கொடுக்கிறான். ஹாட் டாக்காம். பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டேனா, என் கண் வண்டி மேல் போய்விட்டது.

பளபளவென்று எவர்சில்வர் வண்டி. ஆனால் கைப்பிடி இருக்கிற பக்கமே அடுப்பு. முன்சக்கரம் இரண்டும் குழந்தை நடைவண்டிச் சக்கரம் மாதிரி துக்கடா; சாக்கடை மூடிக் கம்பியில் மாட்டினால் வண்டி குப்புறப் போகும். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"தம்பி, அடுப்ப கைப்பிடி பக்கமா வெச்சிருக்கியே, தள்ளும்போது வயித்துல சுடாதா?"

"பாட்டி, ஹாட் டாக் வேணுமா வேணாமா? பின்னால ஆள் நிக்குது லா."

வாங்கிக்கொண்டு ஓரமாக வந்துவிட்டேன். வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டிக்கு அடியில் இழுப்பறைகள் வரிசையாக இருந்தன, எல்லாம் மூடியிருந்தன. ஒருத்தரும் திறந்து காட்டச் சொல்லவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

உங்களுக்குச் சொல்கிறேன், நீங்களாவது கேளுங்கள். வண்டி என்றால் முதலில் சக்கரம். சைக்கிள் சக்கரம் இரண்டு, நடுவில் ஒரே அச்சு; செம்மண் ரோட்டில் கல் வந்தாலும் ஏறி இறங்கிவிடும். பலகை, நின்று வேலை செய்கிறவளின் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் முதுகு போய்விடும். அடுப்பு காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுகிற புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன், புருவம் இல்லாமல் திரிவார்கள்.

இதெல்லாம் என் வீட்டுக்காரர் முனியாண்டி செய்த வண்டியில் இருந்தது. ரெம்பாவ் போகிற ரோட்டோரம் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். கல்யாணமான புதிது. எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டப் போகமாட்டேன், சொந்தமாக வடை வண்டி போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்ற மனுஷர் அவர். வடை ஆறிவிட்டால் யார் வாங்குவார்கள்? அதற்காக வண்டிக்குள் ஒரு பெட்டி செய்தார். உள்ளே ஒரு தகரம், வெளியே ஒரு தகரம், இடையில் நெல் மில்லில் சும்மா கிடைத்த உமியைத் திணித்து, சுற்றிலும் ஆணி அடித்துவிட்டார். மூடியைத் திறந்தால் சாயங்காலம் வரை ஆவி பறக்கும். "பாரு புள்ள, சட்டிக்குப் போர்வை போத்தின மாதிரி!" என்று தட்டித் தட்டிக் காட்டுவார். என்ன பெருமை! எனக்கும்தான்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். எங்கள் வாயில் அது டாருராட். எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயங்களைச் சுற்றி முள்கம்பி, ஒரே ஒரு கேட், துப்பாக்கியோடு காவல். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டு ஆட்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்று சட்டம். எஸ்டேட் கணக்கு எழுதுகிற கிராணியார் வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லி எங்களுக்கு பாஸ் வாங்கித் தந்திருந்தார். சமைத்த பண்டத்தோடு உள்ளே போகலாம். வெளியே வரும்போது வண்டியில் தின்கிற பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. மிஞ்சின வடையைக் கேட்டிலேயே நின்று நாங்கள் இரண்டு பேரும் தின்று தீர்ப்போம். நான் அந்த வருஷம் நன்றாகச் சதை போட்டேன்.

ஒருநாள் வெளியே வரும்போது கேட்டில் புதுக் கார்ப்பரல். ரெம்பாவ் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர். வண்டியைச் சுற்றி வந்து பெட்டியைத் தட்டினார். உள்ளே தட்டினால் ஒரு சத்தம், வெளியே தட்டினால் ஒரு சத்தம். ஆணியை நெம்பச் சொன்னார். தகரம் விலகியதும் உமி பொலபொலவென்று கொட்டியது. உமியோடு உமியாக, மில்லில் தப்பி வந்த குருணை வெள்ளை வெள்ளையாக மின்னியது.

"பெராஸ்!" என்றார் கார்ப்பரல். அரிசி!

அவ்வளவுதான். என் வீட்டுக்காரரைத் தலையில் கை வைக்கச் சொல்லிக் கம்பி ஓரம் உட்கார வைத்துவிட்டார்கள். லிங்கிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காட்டு ஆட்களுக்கு அரிசி கொடுத்தான் என்று ஒருத்தனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகப் பேச்சு. அவன் பெண்டாட்டி இங்கேயே கிடந்தாள். இவரை ஏற்றிவிட்டால் நான் எங்கே போவேன்? இவருக்குத்தான் அங்கே யார் இருக்கிறார்கள்?

கிராணியார் ஓடி வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர், நிதானமாகப் பேசுவார். "கார்ப்பரல், உமிக்குள்ள எவ்வளவு அரிசி கிடக்கெண்டு புடைச்சுப் பாப்பம். வாறதைப் பால் நிறுக்கிற தராசில போடுவம்." கார்ப்பரல் தலையாட்டினார். லயத்திலிருந்து முறம் வந்தது. புடைக்க வேண்டியது நான்.

இதைக் கேளுங்கள். சின்ன வயதிலிருந்து புடைத்துப் பழகின கை. நான் நினைக்கும் முன்னாலேயே கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. உமியைப் பறக்கவிட்டு, ஒரு குருணை சிந்தாமல் முறத்தின் அடியில் சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியது. கார்ப்பரலுக்குச் சாட்சி தயாரிக்கிறேன் நான், அதுவும் எவ்வளவு சுத்தமாக!

பின்னால் நின்ற அஞ்சலை, எங்களிடம் வடை வாங்குகிற பால்வெட்டுக்காரி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அடிப் பாவி, மாமியார் வீட்டு அரிசியா புடைக்கிற? கைய கெடுத்துக்கடி!"

கை கெட மாட்டேன் என்றது. நல்ல வேலையைக் கெட்ட வேலையாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முறத்தை முன்னால் சாய்த்து முரட்டுத்தனமாக உதறினேன். உமியோடு குருணையும் புழுதியில் விழுந்தது. விழுந்ததுதான் தாமதம், லயத்துக் கோழிகள் கம்பிக்கு அடியில் புகுந்து ஓடி வந்தன. கொக்கொக்கென்று ஒரே கூட்டம். கிராணியார் வானத்தைப் பார்த்தார். நான் உதற உதறக் கோழிகள் கொத்தின. முதலில் சேர்த்த குருணையும் அப்படியே போனது. தராசில் போட ஒன்றும் மிஞ்சவில்லை.

கார்ப்பரல் கோழிகளை விரட்டவில்லை. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். அவரும் வயல்காரக் குடும்பம்தானே, முறத்தைப் பார்க்காமலா வளர்ந்திருப்பார்! என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "ஆயாம் சூடா மாக்கான் லா. போ," என்றார். கோழி தின்றுவிட்டது, போ.

வீட்டுக்குள் வந்ததும் நான் ஓவென்று அழுதேன். அவர் வெளியே போய்ப் பெட்டியை முழுக்கப் பிரித்துப் போட்டார். அதற்குப் பிறகு கம்பி வலை வைத்து, நாலு பக்கமும் உள்ளே தெரிகிற மாதிரி வண்டி. ஆறிப்போன வடை. சுடச்சுட விற்கத்தான் அந்த மனுஷர் வண்டியே போட்டார், சொல்லுங்கள், எப்படி இருந்திருக்கும் அவருக்கு? மூடி வைத்த சாமான் ஒன்றை அவர் அப்புறம் செய்யவே இல்லை. எங்கள் வீட்டு அலமாரிக்குக்கூடக் கதவு கிடையாது.

டாருராட் முடிந்து கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கேட்டையும் பிடுங்கிவிட்டார்கள், இரண்டு குழி மட்டும் இருந்தது. அந்த இடம் வந்ததும் அவர் வண்டியை நிறுத்துவார். வலையைத் திறந்து, வடை மேல் போட்ட துணியை விலக்கி, சோதனைக்குக் காட்டுகிற மாதிரி தள்ளி நிற்பார்.

"யாருமில்ல மாமா, தள்ளுங்க."

"தெரியும் புள்ள. செத்த இரு."

கடைசிவரை அப்படித்தான். இப்போது அவர் இல்லை. ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை. வரிசை வரிசையாக மாடி வீடுகள், நடுவே அகலமான தார் ரோடு. அந்த ஹாட் டாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மகனுடைய காரில் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். கேட் இருந்த இடத்தில் கார் நிற்கவில்லை, எதற்கு நிற்கப் போகிறது? அரை ரொட்டி இன்னும் மிச்சம் இருந்தது. அந்த இடம் வருவதற்குள் அவசர அவசரமாக அதை வாயில் அடைத்து விழுங்கிவிட்டு, கைப்பையின் வாயைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன்.